பதினேழாம் எண் புகார்

என் வேலை திட்டு வாங்குவது. அடையாள அட்டையில் ‘வாடிக்கையாளர் சேவை’ என்று கௌரவமாகப் போட்டிருப்பார்கள். பொம்மையும் வாளியும் துடைப்பமும் செய்கிற ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினொரு வருடமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கோபத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். என் குரல் எதிர்முனைக்குக் கேட்காமல் செய்கிற பட்டனை அழுத்திவிட்டுத்தான் அதைக் காட்டுவேன். அந்தப் பட்டனில் எழுத்தே அழிந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த குரலுக்கு ஏழு வயதுக்கு மேல் இருக்காது.

“அக்கா, இதுதானே கம்ப்ளெய்ன்ட் பண்ற நம்பர்?”

“ஆமா கண்ணு. வீட்ல பெரியவங்க இருந்தா அவங்ககிட்ட குடு.”

“ஜுரம்னு ஸ்கூலுக்கு லீவு. அம்மாதான் நம்பர் போட்டுக் குடுத்தாங்க. பெரியவங்களுக்கு ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல. எனக்குத்தான்.”

சரி, சொல்லு என்றேன். மண் அள்ளும் வண்டி. பிறந்தநாளைக்கு மாமா வாங்கிக் கொடுத்தது. நாலு நாள் நன்றாக அள்ளியது, ஐந்தாம் நாள் அள்ளுகிற கை மேலே போகவில்லை. எனக்கு உயிர் வந்தது. இது ஆறாம் எண் புகார், ‘உறுப்பு இயங்காமை’. கம்ப்யூட்டரில் அந்த எண்ணை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு வாரத்தில் புதுக் கை வீடு தேடிப் போய்விடும்.

“புதுசு அனுப்பிடறேன் கண்ணு. விலாசம் சொல்லு.”

“இருங்கக்கா. அவ்ளோ சீக்கிரம் முடிக்காதீங்க. நான் ஓட்டினதாலதான் கெட்டுப்போச்சுன்னு அண்ணன் சொல்றான். கம்பெனில மாத்தித் தர மாட்டாங்கங்கறான்.”

“அண்ணன் சும்மா வம்புக்கு இழுக்கறான்.”

“இல்லக்கா, எழுதியிருக்கு. படிக்கவா?”

படித்தாள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில், ‘ஆண் குழந்தைகளுக்கு மட்டும்’. உள்ளே மடித்து வைத்திருக்கிற தாளில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ‘பெட்டியில் குறிப்பிடப்பட்டவர்களைத் தவிரப் பிறர் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது.’ மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாயில் போட்டுவிடக் கூடாதே என்று எந்தக் காலத்திலோ யாரோ எழுதிய வரி. எல்லாப் பெட்டியிலும் அதே தாள்தான் போகிறது. பதினொரு வருடத்தில் அதை முழுதாகப் படித்த ஒரே வாடிக்கையாளர் இவள்தான். நானே படித்ததில்லை.

“அதெல்லாம் சும்மா போட்டிருக்கறது கண்ணு. நீ ஓட்டினா ஒண்ணும் ஆகாது.”

“சும்மா எதுக்குப் போடுவாங்க?”

பட்டனை அழுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டேன்.

“நீங்க வாயால சொன்னா அண்ணன் நம்ப மாட்டான். அவன் எழுதினதத்தான் நம்புவான். அதனால எழுதிக் குடுங்க. பொண்ணு ஓட்டினா ஓடுமா, ஓடாதா? அதுக்கப்புறம் நான் அவன் சைக்கிளக்கூடத் தொடல. அதுவும் கெட்டுப்போச்சுன்னா அடிப்பான்.”

கடைசி வரியை அவள் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அன்றிலிருந்து மனதுக்குள் அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

நான் என்ன தட்டுகிறேன் என்று வேறு வாசித்துக் காட்டச் சொன்னாள். ‘கை இயங்கவில்லை’ என்றதும், “அது பாதிதான். இன்னொரு பாதியையும் எழுதுங்க” என்றாள். திரையில் இருந்த பட்டியலில் கீழே கீழே போனேன். உடைந்தது, நிறம் போனது, பாகம் குறைந்தது, நாற்றம் அடிப்பது. கடைசியில் பதினேழாவதாக ஒன்று இருந்தது: ‘குறிப்பிட்ட உபயோகிப்பாளர் கையாளும்போது பொருள் இயங்காமை’. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு தட்டு. புகார் எண்ணைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நான் திரும்பி வருவதற்குள் என் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது.

நடுவில் விற்பனை மேலாளர். எந்தப் பேச்சை எடுத்தாலும் ‘டார்கெட்’டில் கொண்டுபோய் முடிப்பார் என்பதால் அவருக்கு அலுவலகம் முழுக்க அதுதான் பெயர். அவருக்கே தெரியும்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க? குடோன்ல லாரி நிக்குது. நாலாயிரத்து இருநூறு பெட்டி. ஒண்ணுகூட வெளிய போக மாட்டேங்குது. கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு!”

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பதினேழு என்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எண்ணாம். இடது கைப் பழக்கமுள்ள குழந்தைகளின் விரலை ஏதோ ஒரு கத்தரிக்கோல் நறுக்கியதற்காக, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் உண்டாக்கியது. அதைத் தட்டினால் அந்த வகைப் பொருள் அத்தனையும் குடோனிலேயே நின்றுவிடும். மீட்க வழி இரண்டே இரண்டு. புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்க வேண்டும். இல்லையென்றால் அதே மாதிரி உபயோகிப்பாளர்களை வைத்துப் பரிசோதனைக்கூடம் சோதித்துக் கையெழுத்துப் போட்டு, முடிவை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்ட வேண்டும்.

கை தவறிச் செய்ததுதான். சத்தியமாக எனக்குத் தெரியாது.

“பள்ளிக்கூட லீவுக்குப் பத்து நாள் இருக்கு. டார்கெட்ல பாதி இந்த வண்டிதான். வெள்ளிக்கிழமைக்குள்ள லாரி கிளம்பணும். கிளம்பலைன்னா இந்த நாற்காலில நீ இருக்க மாட்ட. குடோன்ல அட்டைப்பெட்டி மடிக்கப் போயிடுவ, சொல்லிட்டேன்” என்றார் டார்கெட்.

எனக்கு என் நாற்காலி பிடிக்கும். ஒரு சக்கரம் கோணல்தான், இருந்தாலும் ஜன்னல் ஓரம். வக்கீலம்மா வீட்டுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி டார்கெட்டே பேசினார். குழந்தைகளோடு பேசும்போது அவருக்குக் குரல் குழைந்து விடும். அந்தக் குரலை நம்பி ஒரு குழந்தையும் ஒரு பொருளும் வாங்காது.

“பாப்பா, அங்கிள் உனக்கு என்ன அனுப்பப் போறேன் தெரியுமா? பெரிய பிங்க் பொம்மை! கண்ண மூடித் திறக்கும். நீ அந்தக் கம்ப்ளெய்ன்ட்ட மட்டும் வேணாம்னு சொல்லிடு, சரியா?”

“அது மண் அள்ளுமா?”

“அது அழகா இருக்கும்மா.”

“அழகா இருக்கறதுக்குத்தான் நான் இருக்கேனே. எனக்கு மண் அள்ளணும்.”

நான் பட்டனை அழுத்திவிட்டுச் சிரித்தேன். ஆனால் அடுத்து அவள் கேட்டதற்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“அங்கிள், நான் வேணாம்னு சொல்லிட்டா, நான் ஓட்டினதாலதான் கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே?”

டார்கெட் இருமிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

எனக்கும் ஒரு அண்ணன் உண்டு. பதினெட்டு வயதில் அப்பாவின் ஸ்கூட்டரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். தெரு முனையில் நின்றுபோனது. “நீ தொட்டேல்ல, அதான்” என்றான் அண்ணன். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் நம்பிவிட்டேன். இப்போது நாற்பத்திரண்டு வயதாகிறது. தினமும் இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்கு வருகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள அன்றைக்கு எனக்கு ஒரு நம்பர் இல்லை.

“வாபஸ் வாங்க வேணாம் கண்ணு. சோதிச்சுப் பாத்து எழுதியே தரோம்” என்று சொல்லிவிட்டேன். டார்கெட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பரிசோதனைக்கூடம் மாடியில். அங்கே இருக்கிற இன்ஜினியருக்குத் திருகாணி என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஏழெட்டு இருக்கும், பேச்சும் அப்படித்தான், மெதுவாகச் சுற்றிச் சுற்றி இறங்கும். நான் போனபோது அவர் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் எங்கள் கம்பெனி மாப்புதான். கைப்பிடியில் ரோஜா நிறத்தில் ‘இல்லத்தரசியின் இனிய தோழி’ என்று ஒட்டியிருந்தது.

“இது உங்களுக்கு வேலை செய்யுதா சார்?”

“ஏன், நல்லாத்தானே பிழியுது?” என்று மாப்பைத் திருப்பிப் பார்த்தவர், எழுத்தைப் படித்துவிட்டுக் காது சிவந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். ‘ஓடும்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

“எப்படிம்மா போட முடியும்? டெஸ்ட் பண்ணவே இல்லையே. நீலப் பெட்டின்னா பையனுங்க, பிங்க் பெட்டின்னா பொண்ணுங்க. இருபத்தாறு வருஷமா அப்படித்தான். பொண்ணுங்க ஓட்டினா இந்த வண்டி ஓடலாம். ஓடாமலும் போகலாம். என்கிட்ட ரிப்போர்ட் இல்ல.”

“சார், மோட்டாருக்குத் தெரியுமா யார் கைன்னு?”

“தெரியாதுன்னு நினைக்கிறேன். நினைச்சதுக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாது.”

மனுஷன் அரிச்சந்திரனுக்குத் தம்பி. பன்னிரண்டு பெண் குழந்தைகள் வேண்டும், வயது ஆறிலிருந்து ஒன்பது, ஆளுக்கு ஐம்பது தடவை அள்ள வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். நான் நேராகப் பேக்கிங் பிரிவுக்குப் போனேன். அங்கே நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் பதினெட்டு மகள்கள் கிடைத்துவிட்டார்கள். ஆறு பேரைக் கழிக்கத்தான் பாடுபட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானம் பன்னிரண்டு பேரும் மாடிக்கு வந்தார்கள். பன்னிரண்டு வண்டிகளை வரிசையாக வைத்திருந்தார் திருகாணி. பித்தானை அழுத்தினால் கை இறங்கும், ஏறும், அது ஒரு தடவை என்று விளக்கினார். டார்கெட் கதவில் சாய்ந்துகொண்டு, ஒரு மணி நேரத்தில் முடியும் என்ற முகத்தோடு நின்றார்.

இரண்டு சடை போட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“மண்ணு எங்க?”

“மண்ணு எதுக்கும்மா? கை ஏறி இறங்கினா போதும்” என்றார் திருகாணி.

“மண் அள்ளுற வண்டின்னு எழுதியிருக்கே. மண் இல்லாம எப்படி அள்ளும்?”

திருகாணி தன் படிவத்தைப் பார்த்தார். மேலும் கீழும் இரண்டு முறை பார்த்தார். ‘கை ஐம்பது முறை ஏறி இறங்க வேண்டும்’ என்று இருந்ததே தவிர, மண் என்ற வார்த்தையே அதில் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் கூடத்தில் வெறும் காற்றைத்தான் அள்ளியிருக்கிறார்கள். வந்த பையன்களும், பாவம், ‘சார் சொன்னார்’ என்று அழுத்திவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கீழே கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து நானும் திருகாணியும் நாலு வாளி மணல் தூக்கி வந்தோம். கூடத்துத் தரையெல்லாம் மணலாகிவிட்டது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே அள்ளினார்கள். பத்து, இருபது, முப்பது. டார்கெட்டும் தன்னையறியாமல் உதட்டுக்குள் எண்ணினார். முப்பத்தெட்டில் இரட்டைச் சடைக்காரியின் வண்டி கை தூக்க மறுத்தது. நாற்பதில் இன்னொன்று. நாற்பத்தொன்றில் இரண்டு. ஐம்பதை எட்டியது மூன்றே மூன்று.

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று துள்ளினார் டார்கெட். “அப்ப பெட்டியில போட்டது சரிதானே? பொண்ணுங்க கைக்கு இது ஆகல!”

என் நாற்காலியைக்கூட அப்போது நினைக்கவில்லை. இதை அந்தக் குழந்தைக்கு எந்த வாயால் சொல்வேன்?

திருகாணி புது வண்டிகள் பன்னிரண்டை எடுத்து வைத்தார். போன் செய்து, வழக்கமாக வரும் பன்னிரண்டு பையன்களை வரவழைத்தார். அதே மணல், அதே எண்ணிக்கை. இந்த முறை பெண் பிள்ளைகள் சுற்றி நின்று உரக்க எண்ணினார்கள். முப்பத்தேழில் முதல் வண்டி நின்றது. அதை ஓட்டியவன் டார்கெட்டின் மகன்.

“அப்பா, இது டப்பா வண்டிப்பா” என்றான் அவன்.

நான் பட்டனைத் தேடினேன். அங்கே பட்டன் இல்லை. வாய்விட்டே சிரித்தேன்.

நின்றுபோன வண்டிகளைத் திருகாணி கழற்றிப் பரப்பினார். கை சேருகிற இடத்தில் ஒரு இடுக்கு. அதன் வழியாக மணல் புகுந்து உள்ளே இருக்கிற பல்சக்கரத்தின் பல்லை உடைத்திருந்தது. இடுக்கை மூட ஒரு ரப்பர் வளையம் போதும். மாப்பின் பிழியும் பகுதியில் அதே அளவு வளையம் இருக்கிறது, எங்கள் கம்பெனியிலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வளையம் போட்ட வண்டிகளை இரண்டு கூட்டமும் கலந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஐம்பது தாண்டி, நூறு தாண்டி, பிள்ளைகளுக்கே அலுத்துப்போகிற வரை அள்ளியது. அப்படி, இல்லத்தரசியின் இனிய தோழி ஆண் குழந்தைகளின் வண்டியைக் காப்பாற்றினாள்.

வியாழக்கிழமை முழுக்கப் பேக்கிங் பெண்கள் வளையம் மாட்டினார்கள். நானும் போய் மாட்டினேன். முடிவை ஒட்டுவதற்கு மஞ்சள் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து வந்தது: ‘பெண் குழந்தைகளும் ஓட்டிச் சோதித்தது. நூறு முறை அள்ளும்.’ எங்கே ஒட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி முழுக்க நெருப்பும் மின்னலும் படமாக இருந்தது. ஸ்டிக்கர் நன்றாகத் தெரிகிற மாதிரி ஓர் இடம்தான் உண்டு, ‘ஆண் குழந்தைகளுக்கு மட்டும்’ என்ற இடம். நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே அங்கேயே ஒட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி கிளம்பியது. லீவு முடிவதற்குள் இரண்டாவது லாரியும் போனது. மஞ்சள் வட்டம் தன்னுடைய யோசனை என்று டார்கெட் இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். என் நாற்காலி ஜன்னலோரமே இருந்தது, நானும் இருந்தேன். ஆனாலும் என் மேஜைக்கு வந்து திரையைத் தட்டிக் காட்டி, “இந்தப் பதினேழு மேல இன்னொரு தடவை உன் விரல் பட்டுதுன்னா, தெரியாமப் பட்டுதுன்னு சொல்ல முடியாது, ஆமா” என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

வக்கீலம்மாவுக்குப் புது வண்டியோடு கடிதமும் போனது. திருகாணியே எழுதினார். அதில் ஒரு வரி: ‘பெண் குழந்தைகள் கையில் முப்பத்தெட்டாவது முறையும், ஆண் குழந்தைகள் கையில் முப்பத்தேழாவது முறையும் வண்டி பழுதானது. பழுதுக்குக் காரணம் நாங்கள். நீங்கள் அல்ல.’ கீழே கையெழுத்து, முத்திரை, தேதி. தட்டச்சு செய்யும்போது ‘நீங்கள் அல்ல’ என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

கடிதம் போய் ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

“அக்கா, லெட்டர் வந்துடுச்சு. அண்ணன் மூணு தடவை படிச்சான். முத்திரைய நகத்தால சுரண்டிக்கூடப் பாத்தான்.”

“இப்ப என்ன சொல்றான்?”

“ஒண்ணும் சொல்லல. சைக்கிள் சாவியக் குடுத்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இருங்க, இங்க ஒருத்தர் உங்ககிட்ட பேசணுமாம். ரொம்ப நேரமா பக்கத்துலயே நிக்கறாரு.”

போன் கை மாறியது. “ஹலோ” என்றேன்.

“அது... என் பிரண்டு ஒருத்தன் கேக்கச் சொன்னான்.” பத்து வயது இருக்கும். “உங்க கம்பெனி பிங்க் பெட்டி, சமையல் செட்டு. அடுப்புல சிவப்பா லைட் எரியும்ல, அது. யாரும் இல்லாதப்ப அவன் ஒருநாள் தொட்டான். எரியல.”

“ஓ.”

“பெட்டில பெண் குழந்தைகளுக்குன்னு போட்டிருக்கு. அவன் தொட்டதாலதான் எரியலையா?” கொஞ்சம் நிறுத்தினான். “அவனுக்கு தோசை ஊத்தறது ரொம்பப் பிடிக்கும். நிஜ அடுப்புல இல்ல, சும்மா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

பேட்டரி தீர்ந்திருக்கும். பேட்டரிக்கு நாலாம் எண். வேலைக்கு வந்த முதல் நாளே யாருக்கும் இது தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டார்கெட் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே குடோன் வாசலில் ஒரு லாரி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பாதி வரை பிங்க் பெட்டிகள்.

“எழுதிக் குடுப்பீங்களா ஆன்ட்டி?” என்றான். “முத்திரை வச்சு?”

“உன் பிரண்டுகிட்ட சொல்லு தம்பி, முத்திரை வச்சே தர்றேன்.”

முதல் தடவை கை தவறித் தட்டினேன். இந்தத் தடவை பட்டியலில் நிதானமாகக் கீழே இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பதினேழு என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத் தட்டினேன். பன்னிரண்டு பையன்கள் வேண்டும், கூடவே கொஞ்சம் தோசை மாவும் வேண்டும் என்று திருகாணிக்குச் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனேன்.